இடது பக்கம் திரும்பிய மாடு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு உஷிதானி சுரங்க ரயில் நிலையத்தின் அலுவலக அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். உதவி நிலைய அதிகாரி யஹகி, வயது நாற்பத்தேழு, தலையில் தொப்பி. டிக்கெட் கேட்டைப் பார்த்துக்கொள்ளும் நிஷிவாகி என்ற பெண், வயது முப்பத்தைந்து, கையில் பாதி கடித்த சோற்றுருண்டை. துப்புரவு வேலை செய்யும் உகிதா அம்மாள், வயதை யாரும் கேட்டதில்லை, ஒரு காலில் நீல ரப்பர் செருப்பு, மறு காலில் பச்சை ரப்பர் செருப்பு. ஜன்னலுக்கு வெளியே நாலாவதாக ஒருவர் நின்றிருந்தார். குரமோச்சி என்று பெயர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி.

இருக்க வேண்டியதில் இல்லாமல் போனது ஒன்றுதான். நிலையத்தின் முத்திரை.

அந்தப் பாதையில் பத்தொன்பது நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் முத்திரை உண்டு. வசந்த காலத்தில் மூன்று வாரம் போட்டி நடக்கும். பத்தொன்பதையும் ஒரு கையேட்டில் குத்திக்கொண்டு வந்தால் ரயில் படம் போட்ட ஒரு துண்டு தருவார்கள். முகம் துடைக்கிற துண்டுதான். அதைவிட நல்ல துண்டு எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் அந்தத் துண்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதற்காக ஒசாகா நகரத்தில் பெரிய மனிதர்கள் பத்தொன்பது இடத்தில் ஏறி இறங்குவார்கள்.

உஷிதானியின் முத்திரையில் படுத்திருக்கும் ஒரு மாடு. மேலே தெருவில் ஒரு சின்னக் கோயிலும் அதன் வாசலில் ஒரு கல் மாடும் உண்டு. நமக்கு எங்கே வலிக்கிறதோ மாட்டுக்கு அங்கே தடவிவிட்டால் வலி போகும் என்று ஊரில் நம்பிக்கை. கல் மாட்டின் இடுப்பு பளபளவென்று இருக்கும். முத்திரையில் அந்த மாடு வலது பக்கம் பார்த்தபடி படுத்திருக்கும்.

பகலில் முத்திரை கேட் பக்கத்து மேஜையில் சங்கிலியில் கிடக்கும். மாலையில் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுவது யஹகியின் வேலை. அலமாரி பூட்டியபடியே இருந்தது. பூட்டில் ஒரு கீறல் இல்லை. உள்ளே மைப்பெட்டி இருந்தது. முத்திரை இல்லை.

ரயில்காரர்கள் எதைச் சரிபார்த்தாலும் விரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கதவு, சரி. விளக்கு, சரி. இருபத்தைந்து வருஷமாக யஹகி நீட்டாத இடமில்லை. வீட்டில் அடுப்பை அணைத்தாலும் நீட்டுவார். திங்கட்கிழமை மாலை அலமாரியை நோக்கி விரலை நீட்டி "முத்திரை, சரி" என்று சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. விரலுக்கு எதிரே முத்திரை இருந்ததா என்பதுதான் நினைவில்லை.

"எழுதிக் கொடுத்துடுங்க சார். தொலைஞ்சு போச்சுன்னு" என்றாள் நிஷிவாகி.

"அது மூணாவது."

மூன்றாவது என்றால் மூன்றாவது மன்னிப்புக் கடிதம். அந்த வருஷம் யஹகி ஏற்கெனவே இரண்டு எழுதியிருந்தார். முதலாவது, அவர் தொப்பி காற்றில் பறந்து தண்டவாளத்தில் விழுந்து, ரயில் நாலு நிமிஷம் நின்றதற்காக. இரண்டாவது, ஒலிபெருக்கியை அணைக்க மறந்து, மனைவி சமைத்த பூசணிக்காயைப் பற்றிய தன் கருத்தைப் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னதற்காக. பிளாட்பாரத்தில் மனைவியின் அத்தை நின்றிருந்தாள். தலைமை அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்தது. வீட்டு விவகாரம் இன்னும் முடியவில்லை.

மூன்றாவது கடிதம் எழுதினால் மூன்று மாதம் பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து விதிப்புத்தகத்தைக் கையால் பிரதி எடுக்க வேண்டும். அதன் பிறகு உஷிதானி கிடையாது. துறைமுகத்துப் பக்கம் தொலைந்த பொருள் கிடங்கில் போட்டுவிடுவார்கள். அங்கே ஒற்றைக் கையுறைகளை நிறவாரியாக அடுக்குகிற வேலை. உஷிதானி யஹகியின் வீட்டிலிருந்து சைக்கிளில் பதினோரு நிமிஷம். அந்தப் பாதையிலேயே கூட்டம் குறைந்த நிலையம். வாழ்க்கையில் அவர் விரும்பிக் கேட்டுக் கிடைத்த ஒரே விஷயம் அது.

உகிதா அம்மாள் இடுப்பில் கட்டிய முன்கச்சைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவர் கையில் வைத்தாள். அந்த ஊரில் அந்த வயதுப் பெண்கள் எல்லோர் பையிலும் மிட்டாய் இருக்கும். சாவுக்கும் கல்யாணத்துக்கும் அதே மிட்டாய்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரும் தம்பி."

"எப்படித் தெரியும்?"

"மேல போய் மாட்டைத் தடவிட்டு வந்தேன்."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார் யஹகி. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்றும் நினைத்தார்.

முதல் வேலையாக மேஜையில் ஓர் அறிவிப்பு வைத்தார். முத்திரை சுத்தம் செய்யப்படுகிறது, சிரமத்துக்கு மன்னிக்கவும். குரமோச்சி அதை இரண்டு தடவை படித்தார். அவரிடம் பதினெட்டு முத்திரைகள் சேர்ந்துவிட்டன, பாக்கி உஷிதானி மட்டும். சுத்தம் செய்தால் எவ்வளவு நேரமாகும், காத்திருக்கிறேன் என்றார். எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்தார். அரை மணிக்கு ஒரு தடவை வந்து முடிந்ததா என்று கேட்டார். ஒரு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

"பெரியவர் இங்கேயே குடித்தனம் வச்சிடுவார் போல. வாடகை கேக்கட்டுமா சார்?" என்றாள் நிஷிவாகி.

அப்போதுதான் யஹகிக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நினைவுக்கு வந்தது. புத்தாண்டு வாழ்த்து அட்டையில் குத்துவதற்குக் கிழங்கை இரண்டாக வெட்டிப் படம் செதுக்குவது அந்த நாட்டில் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருவதுதான். அவர் செதுக்கிய முயலை ஆசிரியர் சுவரில் ஒட்டியிருந்தார். மேலே காய்கறிக் கடைக்கு ஓடி ஒரு பெரிய கிழங்கு வாங்கி வந்தார். கையேட்டின் மாதிரித் தாளை எதிரே வைத்துக்கொண்டு ஓய்வறையில் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து நிமிஷத்தில் கொம்பு, காது, மடிந்த முன்னங்கால் என்று ஒரு மாடு தயார். அதை ஒரு பழைய தூரிகையின் பிடியில் கறுப்பு நாடாவால் சுற்றிக் கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் முத்திரை மாதிரியே இருந்தது.

குரமோச்சி கையேட்டை நீட்டினார். யஹகி அழுத்திக் குத்தினார். எடுத்துப் பார்த்தார்.

மாடு இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

வலது பக்கம் பார்க்கிற மாட்டைப் பார்த்து அப்படியே செதுக்கினால் காகிதத்தில் அது இடது பக்கம்தான் பார்க்கும். இதையும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். முயல் நேராகப் பார்த்துக்கொண்டு இருந்ததால் யஹகிக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை.

குரமோச்சி பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாடு திரும்பிடுச்சே, மாஸ்டர்."

"ஆமாம்" என்றார் யஹகி. ஏதாவது சொல்லியாக வேண்டும். "இந்த வாரம் மட்டும்."

வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது பொய் என்று அவருக்கே தெரிந்தது. குரமோச்சியின் முகம் விளக்கு போட்டதுபோல ஆகிவிட்டது. ஏழு வருஷமாக வருகிறேன், இந்த நிலையத்து மாடு ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது என்றார். மற்ற நிலையங்களில் ஒரே பாலம், ஒரே கோபுரம். இந்த மாடு வருஷா வருஷம் கொஞ்சம் மாறுகிறது. போன வருஷம் ஒல்லி, அதற்கு முந்தின வருஷம் கொம்பு சின்னது. இப்போது திரும்பியே விட்டது. யஹகி இதை முகஸ்துதி என்று எடுத்துக்கொண்டு குனிந்து வணங்கினார். குரமோச்சி படியேறும்போதே போனை எடுத்து யாருக்கோ படம் அனுப்பிக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலையில் நாற்பத்துமூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

அலுவலகம் போகிற கூட்டத்துக்கு வழி விடுவதற்காக நிஷிவாகி கயிறு கட்டினாள். கயிறு கட்டியதும் இது என்ன வரிசை என்று தெரியாமலே இன்னும் பத்துப் பேர் சேர்ந்தார்கள். அந்த ஊரில் கயிறு கட்டின இடத்தில் ஏதோ நல்லது கிடைக்கும் என்று மக்களுக்கு நம்பிக்கை.

பதினோரு மணிக்குக் கிழங்கு தளர ஆரம்பித்தது. மாட்டுக்கு வயிறு பருத்தது. யஹகி ஓய்வறைக்கு ஓடி இன்னொன்று செதுக்கினார். அவசரத்தில் கத்தி வழுக்கி இரண்டு கொம்பும் போய்விட்டன. உகிதா அம்மாள் கதவோரம் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கின கையோட வெட்டினா தண்ணி விடும் தம்பி. ரெண்டு நாள் காத்தாட வைக்கணும். கத்தியை நிமித்திப் பிடிக்கிறீங்களே, சாய்ச்சுப் பிடிங்க. கொம்பைக் கடைசியிலதான் வெட்டணும்."

எல்லோரும் பள்ளிக்கூடம் போனவர்கள்தானே என்று நினைத்தார் யஹகி. கத்தியைச் சாய்த்துப் பிடித்தார். உண்மையில் அது நன்றாகத்தான் வெட்டியது.

கொம்பில்லாத மாட்டை வேறு வழியில்லாமல் மேஜைக்குக் கொண்டுபோனார். வரிசையில் முன்னால் நின்ற பெண் அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பி, "கன்னுக்குட்டி" என்றாள். அந்த வார்த்தை படிக்கட்டு வரைக்கும் போயிற்று. குரமோச்சி மறுபடியும் வந்திருந்தார், இந்தத் தடவை நாலு நண்பர்களோடு. அவர் கணக்குப்படி காலையில் மாடு, பதினோரு மணிக்குமேல் சினை மாடு, மதியம் கன்றுக்குட்டி. ஆக மூன்று தடவை வர வேண்டும். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

ஒரு கல்லூரி மாணவி கையேட்டை மூக்கருகே கொண்டுபோனாள்.

"நல்லா இனிப்பா வாசனை வருதே."

"வாசனை மை" என்றாள் நிஷிவாகி, டிக்கெட் கேட்டிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல்.

காய்கறிக் கடைக்காரர் ஒன்பதாவது கிழங்கை எடை போடும்போது வீட்டில் யாராவது கர்ப்பமா என்று விசாரித்தார். யஹகி இல்லை என்றார். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ஒரு கிழங்கு சேர்த்துப் போட்டார்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். வலது பக்கம் பார்க்கிற பழைய மாட்டையே ஒழுங்காகச் செதுக்கி வைத்துவிட்டால், திரும்பின மாடு முடிந்துபோனது, நன்றி, வணக்கம் என்று சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமைக்குள் கூட்டம் கலைந்துவிடும். இந்தத் தடவை யஹகி யோசித்தார். கண்ணாடியை எதிரே வைத்து, அதில் தெரிந்த மாட்டைப் பார்த்துச் செதுக்கினார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மாடு வலது பக்கம் பார்த்தது. விரலை நீட்டி "வலது, சரி" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் ஏற்கவில்லை. கியோத்தோவிலிருந்து வந்திருக்கிறேன், எனக்கு இடது மாடு வேண்டும் என்றார் ஒருவர். இரண்டும் வேண்டும் என்றார் இன்னொருவர். யஹகி பழைய கிழங்கைக் குப்பையிலிருந்து எடுத்து வந்து அதையும் குத்தினார். ஒரே பக்கத்தில் வலது மாடும் இடது மாடும் எதிரும் புதிருமாகப் படுத்து ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தன.

வரிசை முன்னால் நகர்ந்து எட்டிப் பார்த்தது. பிறகு கியோத்தோக்காரரின் பின்னால் நின்ற ஒரு பெண் பக்கத்தில் நின்றவன் கையைப் பிடித்தாள்.

மதியத்துக்குள் ஜோடிகள் வர ஆரம்பித்தார்கள். ஜோடி மாடு குத்திக்கொண்டால் கல்யாணம் கைகூடும் என்று யார் கிளப்பியது என்று தெரியவில்லை. ஆளுக்கு ஒரு மாடாக ஒரே நேரத்தில் குத்த வேண்டும் என்று முறையும் வந்துவிட்டது. ஒரு ஜோடி மேஜை முன்னாலேயே கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டது. ரயிலிலிருந்து இறங்கியவர்கள், இறங்க வேண்டியிராதவர்கள், எல்லோரும் கைதட்டினார்கள். யஹகியும் தட்டினார். கையில் ஈரக் கிழங்கு இருந்தது.

இத்தனை வருஷத்தில் இந்த நிலையத்தில் யாரும் சிரித்து அவர் பார்த்ததில்லை. அழுதும் பார்த்ததில்லை. வருவார்கள், போவார்கள். இப்போது மனிதர்கள் நின்றார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருப்பது தெரிந்ததும் பயமாக இருந்தது.

மூன்று மணிக்குப் போன் வந்தது. தலைமை அலுவலகம், விளம்பரப் பிரிவு, ஹினொகுமா. உஷிதானியில் சிறப்பு முத்திரை ஒன்று நடப்பதாகக் கேள்விப்பட்டோம், நாளை இரண்டு மணிக்கு நேரில் வந்து பார்க்கிறேன். முத்திரையையும் அனுமதிக் கோப்பையும் எடுத்து வையுங்கள்.

"கோப்பு எங்கே இருக்கு சார்?" என்றாள் நிஷிவாகி.

"கோப்புக்கு என்ன கிழங்கு வாங்குறது?" என்றார் யஹகி.

அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இனி மூன்றாவது கடிதம் என்பதெல்லாம் பழைய கதை. தொலைத்தது ஒன்று, மறைத்தது ஒன்று, போலி முத்திரை ஒன்று, வாசனை மை ஒன்று. அவர் எழுத வேண்டியது கடிதம் இல்லை, தொடர்கதை.

உகிதா அம்மாள் போகிற போக்கில் ஒரு மிட்டாய் வைத்தாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. கண்டிப்பா வந்துரும்."

"வரப்போறது ஹினொகுமா, உகிதாம்மா."

வெள்ளிக்கிழமை காலை யஹகி மேலே போய்க் கல் மாட்டைத் தடவினார். எங்கே வலிக்கிறது என்று தீர்மானிக்க முடியாமல் முழு மாட்டையும் தடவினார். அப்போது ஒன்று கவனித்தார். உண்டியல் பக்கம் நின்றால் மாடு வலது பக்கம் பார்த்தது. கோயிலைச் சுற்றிக்கொண்டு சோயாக்கட்டிக் கடைப் பக்கம் போய் நின்றால் அதே மாடு இடது பக்கம் பார்த்தது. இந்த வாதத்தை ஹினொகுமாவிடம் வைக்கலாமா என்று யோசித்தார். பிறகு சோயாக்கட்டிக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்ததால் இறங்கி வந்துவிட்டார்.

ஹினொகுமா சரியாக இரண்டு மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கையுறை, கையில் தோல் பெட்டி. வரிசையைப் பார்த்தார். எண்ணினார். கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தார். அலுவலக அறைக்குள் வந்து கதவைச் சாத்தச் சொன்னார்.

"முத்திரை."

யஹகி இடது மாட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஹினொகுமா அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். முகர்ந்தார். கறுப்பு நாடாவின் நுனியை லேசாகப் பிரித்தார். உள்ளே ஊதாத் தோல் தெரிந்தது.

இனி ஓட இடமில்லை. யஹகி தொப்பியைக் கழற்றிவிட்டு இடுப்பு வரை குனிந்தார். குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். முத்திரை என் பொறுப்பில் தொலைந்தது. விரலை நீட்டினேன், பார்க்கவில்லை. இது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. இது பதினேழாவது கிழங்கு. திருப்பிச் செதுக்க வேண்டும் என்பதை மறந்ததால் மாடு இடது பக்கம் திரும்பிவிட்டது. நிஷிவாகிக்கு இதில் சம்பந்தமில்லை, வாசனை மை மட்டும் அவள்.

யஹகி தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். ஹினொகுமா தோல் பெட்டியைத் திறந்து பழைய அட்டைக் கோப்பு ஒன்றை எடுத்து மேஜையில் விரித்துக்கொண்டிருந்தார். உஷிதானி நிலையத்தின் முத்திரைப் பதிவுகள், வருஷத்துக்கு ஒன்று. முதல் தாளில் மாட்டின் மூலப் படம், வரைந்தவரின் கையெழுத்தோடு.

மூலப் படத்தில் மாடு இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த தாளிலும் இடது. அதற்கடுத்ததும் இடது. அப்படியே பல வருஷம் போய், ஒரு தாளில் திடீரென்று வலது. அங்கிருந்து கடைசித் தாள் வரை வலது.

"பன்னிரண்டு வருஷமா இந்த மாடு தப்பான பக்கம் பார்த்துட்டு இருக்கு. மூணு மாசம் முன்னாலதான் கண்டுபிடிச்சேன். அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லை" என்றார் ஹினொகுமா.

பிறகு தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். யார் தப்பு என்றே தெரியவில்லை. முத்திரை செய்து கொடுத்த கடைக்காரர் தான் செய்தது இடது மாடுதான் என்று சத்தியம் செய்கிறார். ஆனாலும் கேட்டவுடன் பயந்துபோய் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட பிரிவுத் தலைவர் இப்போது இயக்குநர். விஷயம் வெளியே வந்தால் இயக்குநர் கடிதம் எழுத வேண்டும். இயக்குநரை எழுத வைத்த குற்றத்துக்கு ஹினொகுமா எழுத வேண்டும். அடுத்த மாதம் கண்காட்சி. எல்லா முத்திரைகளையும் வரிசையாக மாட்டப்போகிறார்கள். சின்னக் குழந்தை பார்த்தால்கூடக் கேட்கும், இந்த மாடு ஏன் திரும்பியது என்று.

"நான் போட்டிக்கு நடுவுல எப்படி இதைத் திருப்புறதுன்னு மண்டையை உடைச்சுட்டு இருக்கேன். நீங்க ஒரு கிழங்கை வச்சுத் திருப்பிட்டீங்க. அதுக்கு ஜனங்க வரிசையில நிக்கிறாங்க."

அவர் பெட்டியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். ஆண்டு நிறைவை ஒட்டி, உஷிதானி நிலைய ஊழியரின் யோசனைப்படி, மாடு தன் பழைய திசைக்குத் திரும்புகிறது. அதில் யஹகியின் பெயருக்கு மேல் பாராட்டு என்று அச்சடித்திருந்தது. புது ரப்பர் முத்திரை இரண்டு வாரத்தில் வரும். அதுவரை கிழங்கு ஓடட்டும். தொலைந்துபோன முத்திரை தேய்ந்ததால் கழிக்கப்பட்டது என்று எழுதிக்கொள்ளலாம். ஏனென்றால் அது கிடைக்காமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது.

யஹகி கையெழுத்துப் போட்டார். பதினேழு கிழங்கு வெட்டிய கை, கையெழுத்தும் ஓய்வறைக் கத்தியால் செதுக்கியது போல இருந்தது.

புதியது செய்கிற கடைக்காரருக்கு மாதிரி வேண்டும் என்று ஹினொகுமா இடது மாட்டைக் கேட்டார். பட்டுத் துணியில் நாலு மடிப்பாக மடித்துக் கட்டிப் பெட்டியில் வைத்தார். ரொம்ப நாள் வைத்தால் முளைக்கும் என்று எச்சரித்தார் யஹகி.

"முளைச்சா கண்காட்சியில தொட்டியோட வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஹினொகுமா கிளம்பினார். போகும்போது வரிசையில் நின்று தானும் ஒரு ஜோடி மாடு குத்திக்கொண்டார். ஜோடிக்கு ஆளில்லாததால் இரண்டு கையாலும் குத்தினார்.

ஐந்து மணிக்குக் கூட்டம் குறைந்தது. குரமோச்சிக்குத் துண்டு கிடைத்துவிட்டது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கிழங்கு வாசனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நிஷிவாகி கயிற்றைச் சுருட்டினாள். கையுறை அடுக்கப் போக வேண்டியதில்லை, சைக்கிளில் பதினோரு நிமிஷம் அப்படியே இருக்கிறது. யஹகி பாராட்டுத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, விரலை நீட்டி, இந்தத் தடவை பார்த்துக்கொண்டே "மாடு, சரி" என்றார்.

"அந்தப் பழைய முத்திரை எங்கே போயிருக்கும் சார்?" என்றாள் நிஷிவாகி.

"எங்கேயாவது போகட்டும். திரும்பி வராம இருந்தாப் போதும்."

வாளியோடு உள்ளே வந்த உகிதா அம்மாள் அதைக் கேட்டு நின்றாள். சுவரில் இருந்த தாளை மெதுவாகப் படித்தாள். பிறகு முன்கச்சைப் பையில் கையை விட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேஜையில் வைத்தாள். யஹகி பிரித்தார். நிலையத்தின் பழைய மரப்பிடி, சங்கிலித் தழும்போடு. அடியில் இன்னும் மை படாத, புத்தம் புது ரப்பரில் படுத்திருக்கும் மாடு. கொம்பு இரண்டும் அழகாக வந்திருந்தன.

ரப்பர் நீல நிறம்.

யஹகி அதைப் பார்த்தார். குனிந்து அவள் கால்களைப் பார்த்தார். ஒன்று நீலம், ஒன்று பச்சை. சிக்கனமான பெண் என்று அஞ்சு வருஷமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

உகிதா அம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு துடைப்பம் வைக்கும் அறைக்குள் போனாள். கதவைப் பாதி சாத்திவிட்டுத் தலையை மட்டும் நீட்டினாள்.

"அப்ப இனிமே நான் வெட்ட வேணாமா தம்பி? பிடியிலேர்ந்து கழண்ட நிஜ ரப்பரை வாளித் தண்ணியோட சாக்கடையில கொட்டின நாள்லேர்ந்து, பன்னிரண்டு வருஷமா வருஷத்துக்கு ஒரு செருப்பு இந்த மாட்டுக்கே போகுது."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது.